ஷைலாக்கும் நாமும்

ஷேக்ஸ்பியரின் ‘வெனிஸ் வணிகன்’ தமிழர்க்குப் புதிய நாடகமன்று. பம்மல் சம்பந்த முதலியார் அதனை ‘வாணிபுர வணிகன்’ என்று தமிழ் மேடைக்குத் தந்தார். ஈவிரக்கமின்றி வட்டி வாங்குவோனை ‘ஷைலாக்’ என்றழைக்கும் வழக்கமும் படித்தோரிடையே ஏற்பட்டது. அவ்வழக்கம் முறையானதா என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நாடகத்தை ஊன்றிப் படிப்போர்க்கு ஓர் உண்மை புலப்படும். வழக்குக்குக் காரணமான மூவாயிரம் டக்கட் பணத்தை ஷைலாக் கொடுத்தது வட்டியின்றியே. கெடு தவறினால் ஓர் இராத்தல் சதை என்பது ஒப்பந்தம். அக்கொடுமையை நாம் வெறுப்பது நியாயமே. ஆனால், தோற்ற ஷைலாக் கிறித்தவனாக மாறவேண்டும் என்று மன்றம் விதிக்கிறது. செய்த குற்றத்துக்குத் தண்டனை தகும். பிறந்த சமயத்துக்குத் தண்டனை தகுமோ? யூதனும் மனிதனே என்று மூன்றாம் அங்கத்தில் அவனை வாதிடவைத்த கவிஞர், நான்காம் அங்கத்தில் அவ்வாதத்தைக் கைவிட்டார். இதனைக் குறை என்றே கருதுகிறேன்.

இடைக்கால ஐரோப்பாவில் வட்டி வாங்குதலைத் திருச்சபை கிறித்தவர்க்குத் தடைசெய்தது. யூதர்க்கோ பல நாடுகளில் நிலவுரிமையும் தொழிற்குழுக்களில் இடமும் மறுக்கப்பட்டன. எஞ்சிய வழிகளுள் ஒன்று வட்டித் தொழில். மன்னர் அவர்களிடம் வரி கறந்தனர். கடன்பட்டோர் அவர்களையே பகைத்தனர். 1290-இல் இங்கிலாந்து யூதரை வெளியேற்றியது. ஆகவே, 1590-களில் இந்நாடகத்தைக் கண்டு நகைத்தோரில் பெரும்பாலோர் யூதர் எவரையும் அறியாதவர்.

நம் சேரநாட்டு வரலாறோ வேறு. கி.பி. 1000 அளவில் பாஸ்கர ரவிவர்மன், ஜோசப் ரப்பான் என்னும் யூதத் தலைவருக்கு வட்டெழுத்துச் செப்பேட்டில் உரிமைகள் வழங்கினான். கொச்சியில் யூதர் வணிகம் செய்தனர், கொங்கணத்தில் செக்காட்டினர். வட்டி அவர்தம் குருதியில் ஊறியதன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இது எங்கோ நடந்த கதையென்று நாம் இருத்தலாகாது. கீழ்ப் பர்மாவில், ஆங்கிலேய வங்கிகள் நெருங்காத உழவர்க்கு நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் கடன் கொடுத்தனர். 1930-இல் உலகப் பொருளாதார வீழ்ச்சியால் நெல்விலை சரிந்தது. கடனுக்கு ஈடாக நிலங்கள் கைமாறின. முதன்மையான 13 நெல் மாவட்டங்களில் அவர்கள் கையிலிருந்த நிலம் 1930-இல் நூற்றுக்கு 6 பங்கு. 1937-இல் ஏறக்குறைய 25 பங்கு. நிலமிழந்த உழவரின் துயர் மெய்யானது. அதனை மறைத்தல் அறமன்று. ஆயினும் அச்சினம் வட்டிக்கணக்கோடு நில்லாது, இந்தியர் அனைவர்மீதும் பரவிற்று. என் பாட்டனார் அங்கு அரிசி ஆலையில் மூட்டை சுமந்தவர். எவர்க்கும் காலணா கடன் கொடுத்தறியார். அவரும் அப்பெயரையே சுமந்தார். 1964-இல் கடைகள் நாட்டுடைமையானபின், ஆயிரமாயிரம் தமிழர் வெறுங்கையராய்க் கப்பலேறினர். அவர்தம் வழியினர் சிலர் இன்று இத்தீவுகளில் வாழ்கின்றனர்.

அநியாய வட்டியைக் கண்டிப்போம்; ஆனால் அதற்கு ஒரு யூதன் பெயரைச் சூட்டுவதை விடுவோம். நம் பிள்ளைகள் இந்நாடகத்தைப் படிக்கையில், பர்மாவில் நம்மவர் பட்டதையும் உடன் சொல்லிக் கொடுப்போமாக. பிறர் நம்மை அவ்வாறு அழைத்தபோது வலித்ததன்றோ!