ஒரே அம்மா, மூன்று பேனா

வீட்டுக்கு ஒரு எழுத்தாளர் இருந்தாலே சொந்தக்காரர்கள் பாடு திண்டாட்டம். பார்சிலோனாவில் ஒரே வீட்டில் மூன்று பேர்! கொய்திசோலோ சகோதரர்கள். மூத்தவர் ஹோசே அகுஸ்தின் (1928), கவிஞர். அடுத்தவர் ஹுவான் (1931), நாவலாசிரியர். 1993-ல் முற்றுகையில் இருந்த சரயேவோவுக்கே போய்ப் பத்திரிகைக்கு எழுதியவர். கடைக்குட்டி லூயிஸ் (1935), ‘அந்தகோனியா’ என்று நான்கு பாகத்துக்கு நாவல் எழுதியவர்.

மூன்று பேருக்கும் கைமுதல் ஒன்றுதான். 1938 மார்ச்சில், உள்நாட்டுப் போரில், ஃப்ராங்கோவுக்காக வந்த இத்தாலிய விமானங்கள் பார்சிலோனா மேல் குண்டு போட்டன. வெளியே போன அம்மா ஹூலியா வீடு திரும்பவில்லை. லூயிஸுக்கு அப்போது மூன்று வயசு. நான் பி.காம். ஆசாமி. ஒரே முதலை வைத்து யார் யார் என்ன செய்தார்கள் என்று கணக்குப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

மூத்தவர் தன் மகளுக்கு அம்மா பேரை வைத்தார். அந்தக் குட்டி ஹூலியாவுக்கு எழுதிய கவிதையை பாகோ இபான்யெஸ் பாட, அது ஊர்ச்சொத்தாகிவிட்டது. ஹுவானோ 1985-ல் ‘கோத்தோ வெதாதோ’ என்ற சுயசரிதையில் வீட்டுக் கதவையே கழற்றி வைத்துவிட்டார். கியூபாவில் அடிமைகளை வைத்துக் கரும்பில் சம்பாதித்த கொள்ளுத் தாத்தா, சின்ன வயசில் தன்னிடம் தப்பாக நடந்துகொண்ட அம்மா வழித் தாத்தா... ஒன்றையும் விடவில்லை. குடும்பத்தில் மனக்கசப்பு.

நியாயம்தானே என்றுதான் எனக்கும் முதலில் தோன்றியது. தாத்தா மூன்று பேருக்கும் பொது இல்லையா? ஒருத்தர் மட்டும் எடுத்துத் தெருவில் வைக்கலாமா? அப்புறம் யோசித்தால், தாத்தா பொதுதான். காயம் பொது இல்லை. அது அந்தப் பையன் உடம்பில் பட்டது. அதைச் சொல்ல அண்ணன் தம்பியிடம் கையெழுத்து வாங்க வேண்டியதில்லை.

ஆனால் ஒன்று. அடுத்தவன் குறையை மட்டும் எழுதியிருந்தால் நான் புத்தகத்தை மூடியிருப்பேன். ஹுவான், 1986-ல் வந்த இரண்டாம் பாகத்தில், ஆண்கள் மேல் தனக்கிருந்த நாட்டத்தையும் அதை மனைவிக்குக் கடிதமாக எழுதிச் சொன்னதையும் விரித்து வைக்கிறார். தன் கணக்கையும் தணிக்கைக்குக் கொடுத்தவர். அதனால்தான் நம்ப முடிகிறது. சில இடங்களில் அண்ணன் தம்பிக்கும் சேர்த்துத் தீர்ப்பு எழுதிவிடுகிறார், அது அதிகப்படி.

ஹோசே அகுஸ்தின் 1999-ல் போனார். ஹுவான் 2017-ல் மராகேஷில். அந்த வீட்டு உண்மை தெரியவேண்டுமா, ஹுவானைப் படியுங்கள். அம்மாவைப் பார்க்கவேண்டுமா, அண்ணனிடம் போங்கள்.