பத்தாங் காலி வழக்கும் காலக்கணக்கும்

உலு யாமை அடுத்த பத்தாங் காலியில், 1948 டிசம்பரில், ஸ்காட்ஸ் கார்ட்ஸ் படையினர் ஆயுதமற்ற 24 சீனத் தோட்ட மக்களைச் சுட்டுக் கொன்றனர். விசாரணை கோரிய உறவினரின் வழக்கைப் பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம் 2015இலும் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2018இலும் ஏற்கவில்லை. மனித உரிமை உடன்படிக்கையைச் சுட்டிய வாதம் வீழ்ந்தது, நிகழ்ச்சி பொய் என்பதாலன்று, காலக்கணக்கினால். இறப்புக்கும் உடன்படிக்கை அரசைக் கட்டுப்படுத்தும் நாளுக்கும் இடைவெளி பத்தாண்டுக்கு மிகலாகாது என்பது பொதுவிதி. அந்நாளைத் தனிநபர் முறையீட்டுரிமையைப் பிரிட்டன் ஏற்ற 1966 எனக் கொண்டால் இடைவெளி பதினேழாண்டு. உடன்படிக்கை நடைமுறைக்கு வந்த 1953 எனக் கொண்டால் ஐந்தாண்டும் நிரம்பாது. மன்றங்கள் கொண்டது முன்னதை. இதனை நாம் ஏற்பதற்கில்லை. முறையிடும் வழி பின்னர்த் திறந்தமையால் அரசின் கடப்பாடும் பின்னரே பிறந்ததாகாது. 1971இல் தோன்றிய ஐந்நாட்டுப் பாதுகாப்பு ஏற்பாட்டின்கீழ்ப் பிரிட்டனும் மலேசியாவும் நடத்தும் கூட்டுப் பயிற்சிகளை ஆராய்வோர், மின்னிலக்கக் கருவிகளைக் கணக்கிடும்போதே, அயல்மண்ணில் படை செய்ததற்கு விடையிறுக்கும் கடமையை இத்தீர்ப்புகள் எவ்வளவு சுருக்கிவிட்டன என்பதையும் நோக்குதல் வேண்டும்.