நிற ஒழுங்கமைவும் குடும்ப வரலாறும்: விஸ்லர் தீட்டிய தாயார் உருவப்படம்

முன்னுரை

அமெரிக்க ஓவியர் ஜேம்ஸ் மெக்நீல் விஸ்லர் தம் தாயார் அன்னாவை 1871இல் இலண்டனில் எண்ணெய்வண்ணத்தில் தீட்டினார். அப்படத்திற்குச் 'சாம்பல், கறுப்பு நிற ஒழுங்கமைவு, எண் 1' என்பதே அவர் முதன்மைப்படுத்திய தலைப்பு. படத்தில் இருப்பவர் தாயார் என்பது தமக்கு மட்டுமே பொருட்டு. அவர் யார் என்பதில் பிறர் அக்கறை கொள்ள வேண்டுவதில்லை என்று அவர் 1878இல் வாதிட்டார். அவ்வாதத்தின் எல்லையை இக்கட்டுரை அன்னாவின் குடும்ப வரலாற்றோடு பொருத்தி ஆராய்கிறது.

படத்தின் சான்று

அன்னா பக்கவாட்டில் அமர்ந்துள்ளார். கறுப்பு உடையின் பெரும்பரப்பில் முகமும் கைகளும் வெண்தலையணியும் மட்டுமே ஒளி பெறுகின்றன. இடப்புறத் திரையும், சுவரில் தொங்கும் தேம்ஸ் துறையின் அச்சோவியமும் உருவத்திற்கு நிகரான எடையைத் தாங்குகின்றன. அவர் பார்வை காண்போரைச் சந்திப்பதில்லை. எனவே ஓவியரின் வாதத்திற்குப் படத்திலேயே சான்றுண்டு.

குடும்ப வரலாறு

அன்னா 1804இல் வட கரோலினாவின் வில்மிங்டனில் பிறந்தார். அவருடைய தாய்மாமன் செபனாயா கிங்ஸ்லி புளோரிடாவில் தோட்ட உரிமையாளர், அடிமை வணிகர். செனகலிலிருந்து கொண்டுவரப்பட்ட அன்னா ஜாய் என்னும் பெண்ணை அவர் 1806இல் ஹவானாவில் விலைக்கு வாங்கி, மனைவியாக்கி, 1811இல் விடுதலை செய்தார். உறவுமுறையில் அப்பெண் அன்னாவுக்கு மாமி. கிங்ஸ்லி 1843இல் இறந்தபின், அவர் உயிலில் பங்கு பெற்ற கறுப்பின வாரிசுகளை விலக்கக் கோரி வழக்குத் தொடுத்தவர்களுள் அன்னாவின் தாயார் மார்த்தாவும் ஒருவர். நீதிமன்றம் அன்னா ஜாயின் உரிமையையே நிலைநிறுத்தியது.

உள்நாட்டுப் போரில் அன்னாவின் இளைய மகன் வில்லியம் தென்மாநிலக் கூட்டமைப்பின் படையில் மருத்துவராகப் பணியாற்றினார். 1863இல் கடல் முற்றுகையைக் கடந்து அன்னா இங்கிலாந்துக்குப் புறப்பட்டார். இலண்டன் அறையில் அவர் அமர்ந்திருப்பதற்கே இப்போர் காரணமாகிறது.

இருவகை மறைப்பு

1891இல் பிரெஞ்சு அரசு வாங்கிய இப்படம் இன்று பாரிசின் ஓர்சே அருங்காட்சியகத்தில் உள்ளது. 1934இல் அமெரிக்கா இதனைத் தழுவி, பூச்சாடி ஒன்றையும் சேர்த்து, அன்னையரைப் போற்றும் அஞ்சல்தலை வெளியிட்டது. ஓவியரின் தலைப்பு அன்னாவை நிறமாக்கியது; அஞ்சல்தலை அவரை எல்லோருக்கும் தாயாக்கியது. நோக்கில் இவை முரண்பட்டவை. ஆயினும் குறிப்பிட்ட குடும்பத்தில் பிறந்த குறிப்பிட்ட பெண்ணை இரண்டுமே அகற்றின.

முடிவுரை

மாமனின் வணிகத்தையோ தாயாரின் வழக்கையோ அன்னாவின் முகத்தில் தேடுவது திறனாய்வாகாது; ஓவியம் அதற்குச் சான்று தருவதில்லை. ஆனால் அவ்வரலாறு படத்திற்குப் புறம்பானது என்பதும் பொருந்தாது. ஜேம்ஸ் அபட் எனப் பெயரிடப்பட்ட ஓவியர், தாயாரின் பிறந்தகப் பெயராகிய 'மெக்நீல்' என்பதைத் தாமே விரும்பி ஏற்றவர். தலைப்பில் அவர் விலக்கிய குடும்பம் அவர் பெயரிலேயே நிலைத்துவிட்டது.