புலி வந்த பிறகு குறைகிற பயம்

அமாண்டா நெல் யூவின் ‘டைகர் ஸ்ட்ரைப்ஸ்’ (2023) படத்தின் முதல் பாதியை எத்தனை முறை போட்டாலும் பார்ப்பேன். கடைசி அரைமணி நேரத்துக்கு ஒருமுறை போதும்.

பன்னிரண்டு வயது சஃபான் பள்ளிக் கழிப்பறையில் தூடோங்கைக் கழற்றிவிட்டு டிக்டாக்குக்கு ஆடுகிறாள். தோழிகள் கூடவே சிரிக்கிறார்கள். அவர்களில் முதலில் வயசுக்கு வருபவளும் அவள்தான். உடனே எல்லாம் மாறிவிடுகிறது. ‘நாறுது’ என்று தோழி ஃபாரா ஒதுங்குகிறாள். அம்மா அவளைக் கழுவிவிடும் காட்சியில் ஒரு பேயும் கிடையாது. எனக்கு அங்கேதான் குலை நடுங்கியது.

எங்கள் சுங்கை பினாங் ஃபிளாட்டுகளில் இதை யாரும் மறைப்பதில்லை. மண்டபம் எடுத்து, பேனர் கட்டி, மைக் செட்டில் ஊருக்கே சொல்வோம். அதே வீட்டில் அந்தப் பொண்ணு தனித் தட்டில் சாப்பிட்டுக்கொண்டிருப்பாள். மலாய்ப் பள்ளியின் கதை என்று நாம் சௌகரியமாகத் தள்ளி உட்கார முடியாது.

அப்புறம் நகம் உதிர்கிறது, தோல் மாறுகிறது, சஃபான் காட்டுக்குள் போகிறாள். காடு அருமையாக வந்திருக்கிறது: ஈரம், பூச்சிச் சத்தம், மரத்தின்மேல் இரண்டு கண்கள். மிருகத்தை முழுசாகக் காட்டும்போதுதான் சிக்கல். ஒப்பனை ரப்பர் முகமூடி மாதிரி இருக்கிறது. பழைய மலாய்ப் பேய்ப்படங்களுக்கு வைத்த வணக்கம் இது என்று சொல்லலாம். நானும் அந்தப் படங்களின் ரசிகைதான். ஆனால் இந்தியாவிலிருந்து வந்த பி. என். ராவ் 1958இல் எடுத்த ‘சும்பா பொந்தியானாக்’ தன் பேயை நம்புகிறது. இந்தப் படம் தன் மிருகத்தைப் பார்த்துப் பாதி சிரிக்கிறது. பேயோட்ட வரும் டாக்டர் ரஹிம் கைப்பேசியில் நேரலை விடுவது நல்ல நக்கல்தான், ஆனால் அவர் வந்ததும் கதை அவர் பின்னால் போய்விடுகிறது. ஃபாராவுக்கு ஏன் இத்தனை வெறுப்பு? அவளுக்கு இன்னும் இரண்டு காட்சி கொடுத்திருக்கலாம்.

கான் விழாவின் விமர்சகர் வாரத்தில் பெரிய பரிசு வாங்கிய படம் இது. அதே ஆண்டு அக்டோபரில் இங்கே தியேட்டருக்கு வந்தது வெட்டப்பட்ட பிரதி. அது தன் படம் இல்லை என்று இயக்குநரே அறிவித்தார். இந்நாட்டில் சிறுமியாக இருப்பதன் சந்தோஷங்களைத்தான் வெட்டிவிட்டார்கள் என்பது அவர் ஆதங்கம். அவர் சொன்னதன் அர்த்தம், தியேட்டரில் மட்டும் பார்த்த தோழி ஒருத்தியிடம் பேசியபோதுதான் எனக்குப் பிடிபட்டது. “கட்டுப்பாடு இல்லாத பொண்ணு, பேயாப் போச்சு, அவ்ளோதானே?” என்றாள். ஆட்டத்தையும் கும்மாளத்தையும் குறைத்தால் மிச்சம் இருப்பது தண்டனை மட்டும்தானே. ரப்பர் முகத்தோடு, டாக்டர் ரஹிமோடு, முழுப் பிரதியைத் தேடிப் பாருங்கள்.