விதியா, விதிகளா?

2024ஆம் ஆண்டு டிசம்பர் 12. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில், பீக்காக் அரங்கில், ஒளிவெள்ளத்தினிடையே ஒரு விழா! அவ்வாண்டின் தலைசிறந்த வீடியோ விளையாட்டு எதுவென உலகுக்கு அறிவிக்கும் விழா. ஆறு விளையாட்டுகள் மேடைக்கு அழைத்து வரப்பட்டன. ஒன்றின் கழுத்தில் மாலை விழுந்தது. அன்றும் மறுநாளும் இங்கே, தூத்துக்குடி மாவட்டத்தில், வானம் பிளந்துகொண்டு கொட்டியது. மழை மழை என்று ஆண்டெல்லாம் ஏங்கும் கோவில்பட்டிக் கரிசல், மழையாலேயே மூழ்கிக் கிடந்தது. அந்த மேடைக்கும் இந்த மண்ணுக்கும் என்ன உறவு என்று கேட்பீர்கள். உண்டு, தோழர்களே!

விளையாட்டைப் பற்றியா திறனாய்வு என்று முகம் சுளிப்போர் இரு சாரார். ஒரு சாரார் பழமை விரும்பிகள். "பிள்ளைகள் கெட்டொழிகின்றனவே" என்று கண்ணீர் உகுப்பர். வைகுண்ட ஏகாதசி இரவில் கண் துஞ்சாமல் பரமபதப் படத்தில் தாயம் உருட்டுவோரும் இவர்களே! மற்றொரு சாரார் நம்மவர். நாட்டு நலிவு போக்கப் புறப்பட்டோர்க்குப் பொம்மையாட்டம் எதற்கு என்பர். நாடகத்தைக் கூத்து என்றும், திரைப்படத்தைத் தீங்கு என்றும் படித்தவர்கள் ஒதுக்கிய காலம் ஒன்று இருந்தது. மேடையும் திரையும் எத்துணைப் பெருங்கருத்தைச் சுமக்க வல்லன என்பதைப் பிறகு உலகுக்குக் காட்டியது இந்தத் தமிழ்நாடுதான். இன்று இளைஞர் கூட்டம் எங்கே இருக்கிறதோ, அங்கே திறனாய்வாளன் போகத்தான் வேண்டும். போனோம். சென்னையில் கணினித் தொழில் புரியும் இளந்தோழர் ஒருவர் விடுப்பில் ஊர் வந்தபோது தம் கருவிகளையும் தூக்கி வந்தார். ஒரு கிழமை முழுதும் நம் வீடு போர்க்களமாயிற்று.

நாம் கைக்கொண்ட அளவுகோல் ஒன்றே. தமிழில் 'விதி' என்னும் சொல்லுக்கு இரு பொருள். ஒன்று தலையெழுத்து, மற்றொன்று சட்டம். ஒருமையில் வந்தால் பெரும்பாலும் நம்மை அழ வைக்கும். பன்மையில் வந்தால் ஆட வைக்கும். பரமபதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தாயம் விழுந்தபடி காய் நகர்கிறது. ஏணி வந்தால் புண்ணியம், பாம்பு கடித்தால் பாவம். ஆடுபவனின் அறிவுக்கு அங்கே அலுவல் இல்லை. ஒரு குழந்தையையோ, ஓர் எருமையையோ உட்கார வைத்தாலும் ஆட்டம் நடக்கும். அதே திண்ணையில், அதே சுண்ணாம்புக் கட்டியால் கோடு கிழித்து ஆடப்படும் ஆடுபுலியைப் பாருங்கள்! மூன்று புலிகள், பதினைந்து ஆடுகள். தாயக்கட்டை இல்லை. தனித்து நின்ற ஆடு இரையாகும். சேர்ந்து நின்ற ஆடுகள் புலியை மூலையில் முடக்கும். அங்கே விதி இல்லை, விதிகள் உண்டு. உலகம் பாராட்டும் ஆட்டங்களுள் எது பரமபதம், எது ஆடுபுலி? இதுவே நம் வினா.

முதலில் குரங்கு. சீனத்து 'கேம் சயின்ஸ்' நிறுவனம் ஆக்கிய 'பிளாக் மித்: வூகோங்' 2024 ஆகஸ்ட் 20இல் வெளிவந்தது, மூன்றே நாளில் ஒரு கோடிப் பிரதிகள் விற்றன. எந்த ஏட்டுக்கு வாய்த்தது இப்பேறு? 'மேற்கு நோக்கிய பயணம்' என்னும் 16ஆம் நூற்றாண்டுச் சீனப் புதினத்தின் வானரத் தலைவனே இதன் மூலவன். அப்புதினத்தில் குரங்கு காவல் செல்லும் துறவி வேறு யாருமல்லர்; காஞ்சியைப் பற்றி எழுதி வைத்த நம் பாடநூல் யுவான் சுவாங்தான்! 7ஆம் நூற்றாண்டில் மெய்யாகவே நடந்து வந்த அறிஞருக்கு, 900 ஆண்டு கழித்துக் கதைக்காரர்கள் ஒரு குரங்கைத் துணைக்கு அனுப்பினர். வரலாறு கால்நடையாய் வருகிறது. புராணம் எப்போதும் வால் பிடித்தே வருகிறது.

அடுத்த வீட்டுப் பாட்டி எட்டிப் பார்த்தார். "ஏ ராசா, அது நம்ம அனுமாரா?" என்றார். "இல்லை பாட்டி, சீனத்துக் குரங்கு" என்றோம். "அப்ப கும்பிட வேண்டாமா?" என்றார். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தோம். திரையில் நம் குரங்கோ சிறு கோயில் ஒன்றின்முன் ஊதுபத்தி ஏற்றிக்கொண்டிருந்தது! அங்கே ஓய்ந்தால் உடற்காயம் ஆறும் என்பது ஆட்டத்தின் சட்டம். ஆனால் ஒன்று கேளுங்கள். ஊதுபத்தி ஏற்றி ஓய்ந்து எழுந்ததும், நாம் அரும்பாடுபட்டு வீழ்த்திய பகைவர் பெரும்பாலோர் மீண்டும் உயிர் பெற்று நிற்கின்றனர்! வழிபாட்டின் விளைவை இத்துணை நேர்மையோடு எடுத்துக்காட்டிய கலைப்படைப்பை நாம் கண்டதில்லை.

நகைப்பு நிற்க. இந்த ஆட்டத்தில் மெய்யான சிந்தனை ஒன்று ஒளிந்து கிடக்கிறது. வானுலகத்தார்க்குத் தானும் நிகர் என்று மார்தட்டிய குரங்கை அடக்க, அதன் தலையில் ஒரு பொன்வளையம் பூட்டப்பட்டது. மந்திரம் ஓதினால் வளையம் இறுகும்; மண்டை வெடிக்கும். ஆட்டம் முடியும்போது அந்த வளையம் நம் வீரனின் தலையிலும் ஏறுகிறது. சொன்ன வழியே ஓடி, அடித்தவனைத் திருப்பியடித்து, வேறு கேள்வி கேட்காமல் முடிப்பவனுக்குக் கிடைக்கும் பரிசு இந்த விலங்கே! மறைவான வழிகளைத் தேடி, யாரும் காட்டாத மூலைகளைத் துருவிப் பார்ப்பவனுக்கு மட்டும் மற்றொரு முடிவு உண்டு. அதில் வளையம் ஏறுவதில்லை. தலைக்கு விலங்கு வேண்டாமெனில் தேடித் துருவ வேண்டும் என்று ஒரு குரங்காட்டம் நமக்குச் சொல்கிறது! சொல்வதைத்தான் ஒளித்துச் சொல்கிறது. அது நம் குறை.

அடுத்து, ஜப்பானின் அட்லஸ் நிறுவனத்து 'மெட்டஃபர்: ரீஃபண்டாசியோ'. தோழர்கள் அனைவரும் அறிய வேண்டிய ஆட்டம். மன்னன் கொலையுண்டான். அரியணைக்கு யார்? மக்களின் ஆதரவு எவனுக்கு மிகுதியோ அவனே மன்னன் என்று மாயம் ஆணையிடுகிறது. ஆம், தேர்தல்! நாட்டில் பல குலங்கள். பிறப்பால் உயர்வு தாழ்வு. ஆட்டத்தின் நாயகன் எல்டா என்னும் இழிவுபடுத்தப்பட்ட குலத்தான். அவன் ஊருக்குள் நுழைந்தால் முணுமுணுப்பு, ஒதுங்கல், ஏச்சு. மதபீடத்துக்கும் ஒரு வேட்பாளர் உண்டு. நாயகன் கையில் ஒரு நூல். குலபேதமற்ற, அனைவரும் சமமாக வாழும் நாட்டைப் பற்றிய நூல். அதைப் படித்தவர்கள் அதனைக் கற்பனை என்கின்றனர். இருக்கையை விட்டு எழுந்து கைதட்டினோம்! அதே டிசம்பர் விழாவில் சிறந்த கதைக்கான விருது இதற்கு வழங்கப்பட்டது, வழங்கியோர் வாழ்க!

ஆனால் முடிவு? எண்பது மணி நேரம் உடன் நடந்து, வாக்குத் திரட்டி, வாள் பிடித்து, வந்து நின்றால், அந்த இழிகுலத்து நாயகன் யார் தெரியுமோ? உறங்கிக் கிடக்கும் இளவரசனின் உள்ளத்திலிருந்து பிறந்த மறு உருவமாம்! அரச இரத்தமாம்! குப்பத்துப் பிள்ளை கடைசிக் காட்சியில் மச்சம் காட்டி ஜமீன்தாரின் காணாமற்போன மகனாகும் தமிழ்ப்படத்தை ஜப்பானுக்கு யார் ஏற்றுமதி செய்தார்? மக்கள் வாக்கால் வென்றவனுக்கு மன்னன் குருதி எதற்கு? ஒடுக்கப்பட்டவன் ஒடுக்கப்பட்டவனாகவே வென்றான் என்று எழுத அஞ்சிய பேனா அது. விதிகளில் தொடங்கி விதியில் முடிந்த ஆட்டம்.

மாலை பெற்ற 'ஆஸ்ட்ரோ பாட்' பற்றிச் சொல்லாமலா? சின்னஞ்சிறு வெள்ளை இயந்திரப் பொம்மை ஒன்று, சிதறிப்போன முந்நூறு தோழர்களை மீட்கிறது. இனிய ஆட்டம்; மறுக்கவில்லை. புல்லில் நடந்தால் ஒரு துடிப்பு, இரும்பில் நடந்தால் வேறு துடிப்பு என்று கைப்பிடி நம் உள்ளங்கையில் பேசுகிறது. ஆனால் அந்தப் பொம்மை ஏறி வந்த விண்கலம் எது? பிளேஸ்டேஷன் 5 என்னும் விற்பனைப் பெட்டியேதான்! மீட்கப்படும் தோழர்களிற் பலர் யார்? அதே பெட்டியின் பழைய ஆட்டங்களில் வந்த பாத்திரங்கள். கடையே கதையாகி, கதையே விளம்பரமாகி, விளம்பரமே காவியமாகி நிற்கிறது. அந்தப் பெட்டியின் விலை 2024இல் நம் நாட்டில் 54,990 ரூபாய். தீப்பெட்டி ஆபீசில் வாரக்கூலி வாங்கும் பெண்ணிடம் இந்த எண்ணைச் சொன்னோம். "வீடா?" என்று கேட்டார்.

எஞ்சியவற்றுள் 'எல்டன் ரிங்' பெயரில் வந்தது 2022இல் வெளியான ஆட்டத்தின் இணைப்பு; 'ஃபைனல் ஃபேண்டசி' 1997இன் பழைய ஆட்டத்துக்குப் புதிய உடுப்பு. முன்னதில் நாம் நூறு முறையேனும் மாண்டோம். மறுபிறப்பில் நமக்கு நம்பிக்கை இல்லை என்பதை அந்த ஆட்டம் சற்றும் மதிக்கவில்லை.

இனி, நம் உள்ளங்கவர்ந்த 'பலாட்ரோ'. கனடா நாட்டைச் சேர்ந்த ஒரே ஒருவர், தம் பெயரை உலகுக்குச் சொல்லாமல், 'லோக்கல்தங்க்' என்னும் புனைபெயரில் ஆக்கியது. படையும் இல்லை, பரிவாரமும் இல்லை. 2025 தொடக்கத்துக்குள் 50 இலட்சம் பிரதிகள்! கருவி விலையுயர்ந்ததோ? இல்லை, கைப்பேசியிலேயே ஆடலாம். 52 சீட்டுகள், ஒரே இனம் ஐந்து, அடுத்தடுத்த எண் ஐந்து என்று சேர்த்தால் புள்ளி. இதில் புதுமை என்ன? 150 கோமாளிச் சீட்டுகள். ஒவ்வொரு கோமாளியும் ஒரு சட்டத்தைத் திருத்துகிறான். ஐந்து சீட்டு வேண்டிய இடத்தில் நான்கு போதும் என்கிறான் ஒருவன். சிவப்புக்குள் பேதமில்லை, கறுப்புக்குள் பேதமில்லை என்கிறான் மற்றொருவன். நாற்குலமாய் நின்ற சீட்டுக்கட்டு இரண்டாய்ச் சுருங்குகிறது! எந்தச் சீட்டு வரும் என்பதை நாம் அறியோம். ஆனால் வரக்கூடிய அளவைக் கணக்கிடலாம். பள்ளியில் நிகழ்தகவு என்று கற்பித்தார்களே, அதுதான். தலையெழுத்து என்று அழுதவன் கையில் தாளையும் எழுதுகோலையும் கொடுத்த கணிதம் அது.

இதில் ஒரு வேடிக்கை. காசு வைத்து ஆட இதில் வழியே இல்லை. எனினும் ஐரோப்பியத் தர நிறுவனமான பெகி, சீட்டைக் கண்டதும் சூது என்றெண்ணி, 2024இல் 18 வயதுக்கு மேற்பட்டோர்க்கே என்று முத்திரை குத்தியது. முறையீட்டுக்குப் பின் 2025 பிப்ரவரியில் 12 என்று இறக்கியது. மெய்யான சூது எது என்பதைத் தமிழ்நாடு குடும்பங்களின் கண்ணீர் கொடுத்து அறிந்தது. இணையவழிச் சூதாட்டத்தைத் தடுக்க 2022இல் சட்டம் கண்டது. பணம் வைத்தாடும் ஆட்டங்களில் சிறுவர்க்குத் தடையும், நள்ளிரவு முதல் விடியற்காலை 5 மணி வரை பூட்டும் வகுத்தது. 2025 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் அவ்விதிகள் செல்லும் என்றது. ஆகஸ்டில் நடுவண் அரசும் பணம் வைத்தாடும் இணைய ஆட்டங்களைத் தடுக்கும் சட்டம் இயற்றியது. சீட்டு குற்றவாளியன்று, சீட்டின் பின்னால் நீளும் கைதான் குற்றவாளி.

அந்த ஆறின் பட்டியலில் இல்லாத ஒன்றையும் ஆடினோம். 2023 ஜூலையில் வெளிவந்து, 2024 மார்ச்சில் சுயேச்சை விளையாட்டு விழாவின் பெரும்பரிசையும், ஏப்ரலில் பாஃப்டாவின் அறிமுக விளையாட்டு விருதையும் வென்ற ஆட்டம். பெயர், 'வெண்பா'! ஆக்கியது டொராண்டோ நகரத்து 'விசை' நிறுவனம். நாயகி வெண்பா, கணவன் பாவலன், மகன் கவின். என்னே பெயர்கள்! வடமொழிப் பெயர்களைக் களைந்து தமிழ்ப் பெயர் சூடிய தலைமுறையின் மூச்சு கடல் கடந்தும் இருக்கிறது என்று நெஞ்சு நிமிர்ந்தோம். கதை 1988இல் தொடங்குகிறது. பள்ளிக்குப் போன கவின் 'கெவின்' ஆகிறான். வீட்டுச் சோற்றுக்கு நாணுகிறான். வளர்ந்தபின் தமிழ்க் கையெழுத்தைப் படிக்கத் திணறுகிறான். வாள் இல்லை, வேல் இல்லை. கிழிந்து மங்கிய சமையற் குறிப்பேடுதான் களம். அழிந்துபோன வரியை அறிவால் ஊகித்து நிரப்ப வேண்டும்.

இட்லிக் கட்டத்தில் இளந்தோழர் இடறினார். பொறுக்காத பாட்டி, "ஏ ராசா, ஓட்டையைப் பாத்து வைக்கணும்லா? இல்லாட்டி ஆவி எப்படிய்யா ஏறும்? தட்டைத் திருப்பிப் போடு!" என்றார். வென்றோம்! உலகப் பரிசு பெற்ற புதிரை உட்கார்ந்த இடத்தில் அவிழ்த்தவர் பள்ளி வாசலை மிதிக்காதவர்.

குறையும் உண்டு. ஊரில் ஆசிரியையாக இருந்தவள் வெண்பா. நமக்கோ ஆட்டம் அவளை அடுப்பங்கரையிலேயே காட்டுகிறது. அவள் கரும்பலகை முன் நிற்கும் காட்சியை நம் கையால் ஆட ஒரு கட்டம் வைத்திருக்கலாகாதா? இட்லியைத் தமிழரின் அடையாளமாக ஏற்றியதிலும் நமக்குச் சிறு சிரிப்பு. இக்கரிசல் சிற்றூர்களில் இரு தலைமுறைக்கு முன் இட்லி தீபாவளிக்கு மட்டும் எட்டிப் பார்த்த விருந்தாளி. அன்றாடம் கம்பும் சோளமுமே.

பாட்டியிடம், சிறுமியாக இருந்தபோது என்ன விளையாட்டு ஆடினீர்கள் என்று வினவினோம். "கட்டை அடுக்குனோம்" என்றார். தீக்குச்சிகளை ஒவ்வொன்றாய்ச் சட்டத்தில் அடுக்கும் வேலை அது. விடியுமுன் ஊர் ஊராய் வண்டி வந்து பிள்ளைகளை ஏற்றிச் சென்ற காலம் இப்பகுதியில் இருந்தது. 1986இல் குழந்தை உழைப்புத் தடுப்புச் சட்டம் வந்தது. சிவகாசிக் குழந்தைகளை முன்வைத்து உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 10இல் தீர்ப்பளித்தது. கோடிக்கணக்கில் விற்கும் கேளிக்கைகளைப் பற்றிப் பேசும்போது, குழந்தைப் பருவமே கூலிக்குப் போன கைகளை நாம் மறக்கலாகாது. அந்தக் கை பிடித்த முதல் விளையாட்டுக் குச்சி, அன்று அவர் வாங்கிப் பார்த்த கைப்பிடிதான்.

கரிசல் மண்ணுக்கென்று ஓர் ஆட்டம் ஏன் இல்லை? நாமே மனத்துக்குள் வரைந்து பார்த்தோம். புரட்டாசி மாதம். மழை இன்னும் வரவில்லை. புழுதியிலேயே விதைக்கலாமா, மழைக்குக் காத்திருக்கலாமா? முன்னே விதைத்தால் முதல் மழையே முளைக்கு உதவும். மழை பொய்த்தால் விதை எறும்புக்கு. மறுவிதைப்புக்கு விதை வாங்கக் கடன், கடனுக்கு வட்டி. பருத்தியா, உளுந்தா, மக்காச்சோளமா? சென்ற ஆண்டுகளின் மழைக் கணக்கைப் பார்ப்பவனுக்கு ஒரு புள்ளி. சோதிடனிடம் போனவனுக்குப் பணமும் போகும், பருவமும் போகும். தப்பித் தவறி நன்கு விளைந்தால், 2024 டிசம்பரைப் போல் அறுவடைக்கு முன் ஒரு பெருமழை! இதைவிடக் கடினமான ஆட்டம் 'எல்டன் ரிங்'கிலும் இல்லை. 'பலாட்ரோ'வை ஆக்கப் பயன்பட்ட 'லவ்' என்னும் கருவி விலையின்றிக் கிடைக்கிறது. கணினி பயிலும் கோவில்பட்டித் தோழர் எவரேனும் இதனை எடுத்துச் செய்வாரானால், முதல் பிரதியை ஆடிப் பார்த்துத் திறனாய்வு எழுத நாம் காத்திருக்கிறோம். பாட்டியையும் அழைத்து வருவோம்.