கத்திரி வெயிலின் ஒத்துக்காரர்

நாதஸ்வரக் கச்சேரியில் ஒத்து ஊதுகிறவரை யாரும் பெயர் சொல்லிப் பாராட்டுவதில்லை. அவர் நிறுத்தினால்தான் ஏதோ குறைகிறது என்று தெரியும். கோடையில் சில்வண்டும் நமக்கு அப்படித்தான். புதுச்சேரியில் கத்திரி வெயில் காய்கிற நாளில் தாவரவியல் பூங்காவின் பெரிய மரங்களுக்குக் கீழே நின்றால் தலைக்கு மேலே நீளமாக ஒரு ரீங்காரம் போய்க்கொண்டே இருக்கும். 1826இல் பிரெஞ்சுக்காரர்கள் அமைத்த தோட்டம் அது. மரங்களுக்குப் பெயர்ப்பலகை உண்டு, வண்டுக்கு இல்லை. அந்தப் பெயரை நாமேதான் தேடிக்கொள்ள வேண்டும், அதுவும் பெரும்பாலும் காதால்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ராத்திரி பின்கட்டில் ‘கிரிக் கிரிக்’ என்று கேட்பதையும் பலர் சில்வண்டுக் கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். அது சுவர்க்கோழி. முன்னிறக்கைகளை உரசி ஒலி எழுப்பும், உடம்பைவிட நீளமான மீசை இருக்கும், தொட்டால் தாவும். சில்வண்டுக்கு மீசை இருப்பதே தெரியாது. தாவவும் தெரியாது, பறக்கத்தான் தெரியும். இரண்டு பெரிய கண்களுக்கு நடுவே நெற்றியில் மூன்று சின்னக் கண்கள் மணி மணியாக மின்னும். ஒலிக்கும் இறக்கைக்கும் சம்பந்தம் இல்லை. ஆண் வண்டின் வயிறு தொடங்குமிடத்தில் இரு பக்கமும் மடிப்பு மடிப்பான ஒரு சவ்வு இருக்கிறது. உள்ளே இருக்கும் தசை இழுத்தால் சவ்வு உட்குழிந்து ஒரு ‘டிக்’, விட்டால் பழைய நிலைக்கு வரும்போது இன்னொரு ‘டிக்’. இது நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை நடக்கும்போது தனித்தனி ‘டிக்’ எல்லாம் நம் காதில் ஒரே கோடாக இழைந்துவிடுகிறது. வயிற்றின் பெரும்பகுதி வெறும் காற்றறை, ஒலியைப் பெருக்குவதற்கு. பெண் பாடாது, கேட்கும்.

சில்வண்டுக்குக் காது கேட்கிறதா என்று சோதித்துப் பார்த்தவர் பிரான்சின் பூச்சி ரசிகர் ழான் ஆன்ரி ஃபாப்ர். செரிஞான் கிராமத்தில் தன் வீட்டு மரத்தடியில், ஊர்த் திருவிழாவுக்கு வெடிக்கிற குழாய் வெடியை வரவழைத்து வெடித்தார். மேலே கச்சேரி ஒரு கணமும் நிற்கவில்லை. வண்டுக்குக் காது மந்தம் என்று முடிவு கட்டினார். அவர் கணக்கு தப்பு. சில்வண்டின் காது தன் இனத்தின் சுருதிக்கு ஏற்ப அமைந்தது, வெடியின் அடிக்குரல் அந்த எல்லைக்குள் வரவே வராது. போதாக்குறைக்குப் பாடுகிற ஆண் தன் சத்தத்தில் தானே செவிடாகிவிடாமல் இருக்கச் செவிப்பறையைத் தளர்த்திக்கொள்கிறது. தப்பான முடிவுதான், ஆனாலும் எனக்கு அந்தச் சோதனை மேல் பெரிய மரியாதை. பூச்சிக்காகப் பீரங்கி வைக்கிற அளவுக்கு யாருக்கு அக்கறை இருக்கிறது?

அதே ஃபாப்ர்தான் கவிஞர் லா ஃபோந்தேன் மேல் வழக்குத் தொடுத்தவர். கோடை முழுக்கப் பாடிவிட்டுக் குளிரில் எறும்பிடம் கையேந்திய சில்வண்டின் கதை 1668இல் வெளியானது. பிரெஞ்சு படித்த புதுச்சேரிக் குடும்பங்களில் அதை மனப்பாடமாகச் சொல்கிற தாத்தாக்கள் இன்றும் உண்டு. நடப்பதோ தலைகீழ் என்றார் ஃபாப்ர். தாகம் எடுத்த வண்டு பட்டையில் அலகை இறக்கி நீர் குடிக்கிறது. கசிகிற ஈரத்துக்கு எறும்புகள் வந்து மொய்க்கின்றன, காலைக் கடித்து உரிமைக்காரரையே விரட்டுகின்றன. வண்டு குடிக்கிற அடையாளத்தை நம் ஊர் மரத்திலேயே பார்க்கலாம். வண்டு குடிப்பது வேரிலிருந்து மேலே ஏறுகிற வெறும் நீர், அதில் சத்து மிகக் குறைவு. அதனால் ஏராளமாகக் குடித்து ஏராளமாகப் பீய்ச்சுகிறது. மேகமே இல்லாத நாளில் மரத்தடியில் முகத்தில் தூறல் விழுந்தால் அண்ணாந்து பாருங்கள். வாயை மட்டும் மூடிக்கொள்ளுங்கள்.

அண்ணாந்ததும் தெரிந்துவிடுமா? தெரியாது. தமிழகச் சமவெளியில் பரவலாக உள்ள பிளாட்டிப்ளூரா ஆக்டோகுட்டாட்டா என்ற இனத்துக்கு, 1798இல் பூச்சியியலாளர் ஃபாப்ரீசியஸ் பெயரிட்டது, குட்டையும் அகலமுமான உடம்பு. முன்னிறக்கையின் அடிப்பாதி பட்டை நிறத்தில் திட்டுத் திட்டாக இருக்கும், நுனிப்பாதி கண்ணாடி. பட்டையோடு ஒட்டி உட்கார்ந்தால் கண் அதன் மேல் போய்விட்டுத் திரும்பி வந்துவிடும். ஒலியை நேராகத் தொடர்ந்து போனால் பக்கத்தில் போனதும் நிறுத்திவிடும். நிறுத்திய இடத்தில் நாமும் நின்றுவிட வேண்டும். மறுபடி தொடங்கும்போது காதுமடலுக்குப் பின்னால் கையைக் குவித்து, தலையை இடமும் வலமுமாகத் திருப்பினால் எந்தக் கிளை என்று பிடிபடும். பிறகு தண்டை நேரே பார்க்காமல் விளிம்போடு பார்க்க வேண்டும். ஆகாயத்துக்கு எதிரே ஒரு சின்னப் புடைப்பு, அவ்வளவுதான். அமெரிக்காவின் பதினேழு ஆண்டு வண்டுகளிடம் சரியான இடைவெளியில் விரலைச் சொடுக்கினால், பெண்தான் இறக்கையைத் தட்டுகிறது என்று ஆண் ஏமாந்து வருமாம். நம்மூர் வண்டிடமும் சொடுக்கிப் பார்த்தேன். மதிக்கவில்லை.

நகரத்தில் கேட்டுப் பழகியவர்கள் வடக்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் புத்துப்பட்டு ஐயனார் கோயில் காட்டுக்குப் போக வேண்டும். காயாவும் வீரையும் நெருங்கி நிற்கிற, இந்தக் கரையோரத்துக்கே உரிய பசுமைமாறா உலர்காட்டின் மிச்சம் அது. பூங்காவில் மரத்துக்கு மரம் இடைவெளி உண்டு, தனிக்குரலைப் பிரிக்கலாம். இங்கே திசையே குழம்பும். அந்தி மங்குகிற நேரம்தான் இங்கே விசேஷம், வெளிச்சம் குறையக் குறையக் குரல்கள் சேர்ந்து ஏறும். தென்னாப்பிரிக்காவில் பிளாட்டிப்ளூராவை ஆராய்ந்தவர்கள் அந்திப் பாடலுக்கு ஒரு சூட்சுமம் கண்டார்கள். வெயில் போன பிறகும் மார்புத் தசைகளை இயக்கிச் சுற்றுக் காற்றைவிட இருபது டிகிரிக்கு மேல் உடம்பைச் சூடாக்கிக்கொள்கின்றன. பறவைகள் அடைகிற நேரம் என்பதால் உயிருக்கும் ஆபத்துக் குறைவு.

வண்டே கிடைக்காத நாளில் சட்டை கிடைக்கும். கோடை மழை ஒன்று பெய்து மண் இளகினால், வேர் நீரைக் குடித்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் பூமிக்குள் இருந்த குஞ்சு மேலேறி, தண்டைப் பற்றிக்கொண்டு முதுகு வெடித்து வெளியேறும். காய்ந்த சட்டையைக் கையில் எடுத்தால் முன்னங்கால் மண்வெட்டிக் கால் என்று உடனே தெரியும். வெடித்த பிளவுக்குள் வெள்ளை நூல்கள் தொங்கும். அவை மூச்சுக்குழாய்களின் உட்பூச்சு, அதையும் சேர்த்தே உரித்துப் போட்டிருக்கிறது. வயிற்று நுனியின் அடிப்புறத்தில் நீளவாக்கில் முட்டையிடும் குழலின் தடம் இருந்தால் பெண். இப்படி ஆணா பெண்ணா என்று பாடலே கேட்காமல் எண்ணிவிடலாம். எனக்கு உயிருள்ள வண்டைவிடச் சட்டை பிடிக்கும், ஓடாது.

இனம் காண்பதில்தான் படம் எடுக்கிறவர்கள் வழுக்குகிறார்கள். எல்லோரும் முதுகைப் படம் எடுக்கிறார்கள், அடையாளமோ வயிற்றுப்பக்கம். ஆணின் அடிவயிற்றில் செவியை மூடியிருக்கும் இரண்டு தகடுகளின் நீளமும் வடிவும்தான் நெருங்கிய இனங்களைப் பிரிக்கின்றன. கேரளத்தில் நீண்ட காலம் புரானா டைக்ரினா என்று நம்பப்பட்ட வண்டு வேறு இனம் என்று அண்மையில் தெரிந்தது, அதற்கு மலையாளிகள் வழங்கும் பெயரையே சேர்த்து புரானா சீவீடா என்று வைத்தார்கள். இந்தியாவையும் அண்டை நாடுகள் ஐந்தையும் சேர்த்து 2016இல் வெளியான பட்டியலில் 281 இனங்கள். அருங்காட்சியக ஊசியில் குத்தி வைத்த வண்டுக்குக் குரல் இல்லை என்பதால், குரலைப் பதிவு செய்து கொடுக்கிற ரசிகருக்கு இந்தத் துறையில் விஞ்ஞானி பக்கத்திலேயே இடம் உண்டு.

ஆகவே கைபேசியை எடுங்கள், ஆனால் முதலில் ஒலிக்கு. ஒரு நிமிடமாவது விடாமல் பதியுங்கள். இனத்துக்கு இனம் தொடக்கமும் முடிவும்கூட வேறுபடும், நடுவிலுள்ள நீளக் கோடு மட்டும் போதாது. பதிவின் கடைசியில் என்ன மரம், எத்தனை மணி, வெயிலா மேகமா என்று வாயாலேயே சொல்லிவிடுங்கள். நண்பருக்கு வாட்ஸாப் குரல்செய்தியாக மட்டும் அனுப்பாதீர்கள், அது உச்ச ஒலிகளை வெட்டிவிடும். கோப்பாக அனுப்புங்கள்.