நான்கு துளைகளும் கொஞ்சம் நினைவகமும்

ஆத்தூரிலிருந்து திண்டுக்கல்லுக்குப் பஸ் ஏறி மின்னணுவியல் படிக்கப் போகும் பிள்ளைகளில் சிலராவது அந்தப் பச்சைப் பலகையைப் பார்த்திருப்பார்கள்: டிஎம்எஸ்320சி6713 டிஎஸ்கே, ஒலி போன்ற குறிகைகளை இலக்க முறையில் கையாளப் பழகும் பயிற்சிப் பலகை. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் சில்லு, 225 மெகாஹெர்ட்ஸ் வேகம். வேகம் கிடக்கட்டும், எனக்குப் பிடித்தது ஓரத்திலுள்ள நான்கு 3.5 மில்லிமீட்டர் துளைகள். சாதாரண ஹெட்போன் செருகிக்கே பொருந்துபவை. இரண்டு வழி ஒலி உள்ளே போகும், இரண்டு வழி வெளியே வரும்.

நினைவகத்தில் மூன்று அடுக்கு. சில்லுக்குள்ளேயே இருக்கும் 256 கிலோபைட் மிக விரைவு. வெளியே 16 மெகாபைட் எஸ்டிராம். கரண்ட் போனால் அதிலுள்ளதும் போகும். பிளாஷ் மட்டும் மறக்காது.

கணக்குப் போட்டால்தான் ருசி. நொடிக்கு 48,000 மாதிரிகள், மாதிரிக்கு 16 பிட், இரட்டைத் தடம் என்றால் நொடிக்கு 1,92,000 பைட். சில்லின் உள்நினைவு ஒன்றேகால் நொடிக்குச் சற்று மேல் தாங்கும். எஸ்டிராம் ஏறக்குறைய 87 நொடி. ஒலியைச் சற்றுப் பிடித்துவைத்து எதிரொலி உண்டாக்க உள்நினைவே தாராளம். ஒரு பாட்டின் பல்லவியைப் பிடித்துவைக்கத்தான் வெளிநினைவு வேண்டும்.

ஆய்வகத்தில் பழைய பலகை கிடந்தால் சைன் அலைப் பயிற்சியோடு நிறுத்தாதீர்கள். உங்கள் குரலையே விட்டுக் கேளுங்கள்.